மணல்தாள் தமிழ் எழுத்து அட்டைகள்: வீட்டுப் பாடத்துக்கு வாங்கலாமா?

மணல்தாளில் வெட்டிய எழுத்தை ஒட்டிய அட்டைகள் இவை, பிள்ளை விரலால் தடவி எழுத்தைப் பழகும். யூகேஜி வயதுப் பிள்ளைக்கு 247 எழுத்தும் உள்ள பெரிய பெட்டி தேவையில்லை. 12 உயிர், 18 அகர உயிர்மெய் என 30 அட்டை போதும். 'அ'வில் தொடங்க வேண்டாம். சுழியில் விரல் தடுமாறும். ட, ப, ம முதலில். ஒரு நாளைக்கு 3 எழுத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தடவியபடி ஒலியைச் சொல்லவேண்டும். பிறகு "ட எங்கே?" என்று கேளுங்கள், கடைசியில்தான் "இது என்ன?" என்று கேட்க வேண்டும்.

எழுத்தை எங்கே தொடங்குவது என்று அட்டையில் அம்புக்குறி இல்லாதது பெரிய குறை. தொடங்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிடுங்கள். வாங்கும்போது தடவிப் பாருங்கள். சொரசொரப்பு அதிகமென்றால் விரல் எரியும், பிள்ளை மறுநாள் தொடாது.

2 வயதுத் தம்பியோ தங்கையோ கூட இருந்தால் அட்டை நேராக வாய்க்குத்தான் போகும். எச்சில் பட்டால் ஓரம் பெயரும். சின்னதுக்குத் தட்டில் அரை கப் ரவை கொடுங்கள், அதுவும் விரலால் கோடு போடட்டும். பயறு, புளியங்கொட்டை கூடாது, மூக்கில் போட்டுக்கொள்ளும். புது எழுத்தை மட்டும் சின்னது தூங்கும் 15 நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.