கடலில் எந்த ரேடியோ: சமுதாய எஃப்.எம்.மா, மீடியம் வேவா?

பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலிக்கு (உள்ளூர் மக்களுக்கான சிறு எஃப்.எம். நிலையம்) பொதுவாக 100 வாட் திறன், 30 மீட்டர் ஆண்டெனா வரைதான் அனுமதி. 10-15 கி.மீ. தாண்டினால் இரைச்சல். போனில் கேட்க ஒயர் இயர்போன் செருகணும். அந்த ஒயர்தான் ஆண்டெனா, ப்ளூடூத் உதவாது. ஆனால் இன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் உண்டா, எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கு என்பதை நம்ம பேச்சில் சொல்ல இதுதான் சரி. சொந்தமாகச் செய்தி தயாரிக்க மட்டும் அனுமதியில்லை. ஆகாசவாணி செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம்.

ஆகாசவாணி மீடியம் வேவ் (ஏ.எம். ரேடியோ) உப்புநீர் மேல் வெகுதூரம் போகும். போனில் வராது, தனி ரேடியோ செட் வேணும். உள்ளே ஆண்டெனாவாக ஃபெரைட் கம்பி இருப்பதால் செட்டையே திருப்பித் திசை பிடிக்கணும். எல்.இ.டி. விளக்கு பக்கத்தில் வைத்தால் கரகரப்புதான் மிஞ்சும். கரையோரத்துக்கு எஃப்.எம்., ஆழ்கடலுக்கு மீடியம் வேவ்.