ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: நம்பிப் போகலாமா?

தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இலவசமாகச் செய்யப்படும் இந்தச் சோதனைக்கு எங்கள் மதிப்பெண் 5-க்கு 4. கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். ஓரம் தெளிவான வெள்ளைத் திட்டு தெரிந்தால் 'பாசிட்டிவ்'. லேசான எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். எளிய முறைதானே என்று இளக்காரம் வேண்டாம்: திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் இந்நோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன.

சொதப்புவது அவசரத்தில். அந்த ஒரு நிமிடம் பொறுக்காவிட்டாலோ விளக்கு மங்கலாக இருந்தாலோ திட்டு கண்ணில் படாது. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதியே உள்ளே ஒதுங்கிவிடும். அவர்கள் 'நார்மல்' என்பதோடு நிற்காமல் எச்.பி.வி. (இந்நோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. தீட்டு நாட்களில் போக வேண்டாம்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பலர் நழுவுவது இங்கேதான்: பயம், பஸ் செலவு, வீட்டில் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சு. பரிந்துரைச் சீட்டை வாங்கும்போதே எந்த நாள், எந்த அறை என்று செவிலியரிடம் எழுதி வாங்குங்கள்.

கூடவே அங்கு செய்யும் மார்பகச் சோதனை கையால் தடவிப் பார்ப்பது மட்டுமே. கட்டி தட்டுப்பட்டால் மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனோ தேவை. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.