போலி லேபிள், தலையில் எண் இல்லாத போல்ட்: பந்தயக் காருக்கு ஹார்னெஸ் பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பந்தயக் காருக்கு ரோல் கேஜும் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) ஹார்னெஸும் (பந்தய சீட் பெல்ட்) பொருத்துவதற்காகக் கோவை வட்டாரத்தில் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் தம்பி ஓட்டும் சலூன் காருக்கு, எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற புத்தம்புதிய ஆறுமுனை (ஆறு இடங்களில் பிணைக்கும்) ஹார்னெஸ் என்று சொல்லி முழு விலையையும் வாங்கிக்கொண்டு, போலி லேபிள் தைத்த பெல்ட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பொருத்திய விதமோ அதைவிட மோசம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு முந்தைய ஸ்க்ரூட்டினியில் (அதிகாரிகள் செய்யும் வண்டிப் பரிசோதனையில்) அது பிடிபட்டு, வண்டிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த அதிகாரிக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. புகார் நடவடிக்கை தொடங்கியிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் லேபிள். எஃப்ஐஏ தரம் 8853-2016இன்படி தயாரான ஹார்னெஸில், எந்த ஆண்டுக்குப் பிறகு அது செல்லாது என்பது லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு வகுத்த 16.1 தரமாக இருந்தால், தயாரித்த மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள்தான். எங்களுக்குக் கொடுத்த பெல்ட்டில் ஆண்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஹோலோகிராம் இல்லை. லேபிளைச் சுற்றியிருந்த தையல், பட்டையின் மற்ற தையல்களோடு நூலிலும் நெருக்கத்திலும் ஒத்துப்போகவில்லை. அதில் இருந்த அங்கீகார எண்ணை எஃப்ஐஏவின் 57ஆம் எண் தொழில்நுட்பப் பட்டியலில் தேடியபோது, அது வேறொரு நிறுவனத்தின் வேறொரு மாடலுக்கு உரியதாக இருந்தது. அந்தப் பட்டியலை எஃப்ஐஏ யாவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. பெல்ட்டைக் கையில் வாங்கியவுடனே, பட்டறைக்காரர் கண்முன்னாலேயே எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாத பெல்ட்டை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெல்ட் அசலாகவே இருந்திருந்தாலும், அதைப் பொருத்தியிருந்த விதத்தில் அது பயன்பட்டிருக்காது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி, முன்பக்கம் நசுங்கி, ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் சராசரியாகவே ஏறத்தாழ 39 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 39 மடங்கு, வரும். 70 கிலோ எடையுள்ள ஓட்டுநரைப் பிடித்து நிறுத்த அந்தப் பட்டைகளும் போல்ட்டுகளும் சேர்ந்து 2,700 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்க வேண்டும். இதனால்தான் எஃப்ஐஏ விதிநூலின் ஜே இணைப்பு, 253ஆம் பிரிவில், தோள், இடுப்புப் பட்டைகளைப் பிணைக்கும் ஒவ்வொரு இடமும் 1,470 டெக்காநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்றும், கால்களுக்கு இடையே வரும் பட்டைக்கு 720 என்றும் வரையறுத்திருக்கிறது. புதிதாகத் துளையிட்டுப் பிணைக்கும் இடங்களில், குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுத் தகட்டை வைக்க வேண்டும். போல்ட் குறைந்தபட்சம் எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்), 8.8 என்ற வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் காரின் தரையில் தகடே இல்லை. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண வாஷர் ஒன்றை அடியில் வைத்து முறுக்கியிருந்தார்கள். அதன் பரப்பு, நட்ட நடுவில் உள்ள துளையைக் கழிக்காமலே 7 சதுர சென்டிமீட்டர்தான். பெரிய இழுவை வந்தால் மெல்லிய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வாஷரோடு போல்ட் மேலே வந்துவிடும். போல்ட்டும் 10 மில்லிமீட்டர். தலையில் தர எண் எதுவும் இல்லை. எம்10 போல்ட்டின் தாங்கும் பரப்பு எம்12 போல்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். அதோடு உலோகமும் 8.8 தரம் இல்லை என்றால் வலிமை இன்னும் பாதியாகக் குறையலாம். நல்ல போல்ட்டுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது.

தோள் பட்டைகளை ரோல் கேஜின் குறுக்குக் குழாயில் சுற்றாமல், பின்சீட் பெல்ட்டுக்காகத் தரையில் இருந்த பழைய துளைகளுக்குக் கொண்டுபோய் முடுக்கியிருந்தார்கள். காரில் குறுக்குக் குழாய் இருந்தும் இதைச் செய்திருக்கிறார்கள். சீட்டின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போகும் தோள் பட்டை, கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழிறங்கவே கூடாது. ஹான்ஸ் (கழுத்தைக் காக்கத் தோளில் அணியும் கருவி) அணிபவர்களுக்கு 0 முதல் 20 பாகைக்குள் இருக்க வேண்டும். எங்கள் காரில் அளந்தபோது 60 பாகையை ஒட்டி வந்தது. இப்படிச் செங்குத்தாக இறங்கும் பட்டை, மோதலின்போது ஓட்டுநரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழ்நோக்கி அழுத்தும்; அந்த அழுத்தம் முழுவதும் முதுகெலும்பின் மேல்தான் இறங்கும். பட்டை நீளமாகப் போகப் போக அது இழுபட்டு நீள்வதும் கூடும். தலை அந்த அளவுக்கு ஸ்டீயரிங்கை நெருங்கும்.

இடுப்புப் பட்டையை சீட்டைத் தாங்கும் பிராக்கெட்டிலேயே பூட்டியிருந்தார்கள். சீட்டிலோ அதன் தாங்கியிலோ பெல்ட்டைப் பிணைப்பதை விதி வெளிப்படையாகவே தடைசெய்கிறது. சீட் பிய்ந்தால் பெல்ட்டும் ஆளும் சேர்ந்தே முன்னால் போவார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பிடிப்பு இழுக்கும் திசைக்குத் திரும்ப வழியின்றி இறுக்கப்பட்டிருந்ததால், பட்டை சரிசெய்யும் கொக்கியின் ஒரு மூலையில் போய்க் குவிந்து நின்றது. இதை டம்பிங் என்பார்கள். அகலம் முழுவதும் பகிர வேண்டிய சுமை ஒரு ஓரத்தில் மட்டும் விழும்போது, பட்டை அந்த ஓரத்திலிருந்து கிழியத் தொடங்கும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த விபத்தில், அவருடைய இடது இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு வெளியிட்ட விசாரணை அறிக்கை அதற்கு இதே டம்பிங்கைத்தான் காரணமாகக் காட்டியது. அனுபவத்தின் உச்சியில் இருந்த ஓட்டுநருக்கே அந்த நிலை என்றால், முதல் பருவத்தில் ஓட்டும் இளைஞர்களின் கார்களில் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

கால்களுக்கு இடையே வரும் பட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டாலோ தளர்ந்திருந்தாலோ, தோள் பட்டைகள் இழுக்கும் வேகத்தில் பக்கிள் (பட்டைகள் சேரும் பூட்டு) மேலேறி, இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு வந்துவிடும்; ஓட்டுநர் அதன் அடியில் வழுக்கிச் செல்வார். அழகுக்காக நாலுமுனை பெல்ட்டைச் சாதாரண சீட்டில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் படமெடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது, உரிமையாளர் எதையும் மறுக்கவில்லை. "எல்லா வண்டிக்கும் இப்படித்தானுங்க போடறோம், இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லைங்க" என்றார். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அவர் சொல்வது உண்மையானால், இதே வாஷர்களோடு இன்னும் எத்தனையோ கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பெல்ட்டை மொத்த வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னாரே தவிர, அந்த வாங்கிய ரசீதைக் காட்டவில்லை. எங்களுக்குக் கொடுத்த பில்லில் "பெல்ட் செட், ஃபிட்டிங்" என்று மட்டும் இருந்தது. ஹார்னெஸின் தயாரிப்பாளர், மாடல், தொடர் எண், செல்லுபடி ஆண்டு, போல்ட் தரம் ஆகியவற்றை பில்லில் எழுதித் தர மறுக்கும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். அசல் இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டி இல்லாமல் பெல்ட்டை மட்டும் நீட்டினால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

வேலை முடிந்தபின் கம்பளத்தை விரிக்கவும் சீட்டை இறக்கவும் விடாமல், ஒவ்வொரு போல்ட்டையும் தகட்டையும் நேரில் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் சுற்றிய தோள் பட்டை, மூன்று கம்பிக் கொக்கியில் திரும்பவும் ஒருமுறை நுழைந்து பூட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். மோதலுக்கு உள்ளான பெல்ட்டையோ, மாதக்கணக்கில் வெயிலில் நின்ற காரின் பெல்ட்டையோ சலுகை விலையில் கொடுத்தால் ஏற்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பட்டையின் இழை வலுவிழப்பது வெளியே தெரியாது.

தம்பியின் காருக்கு வேறோர் இடத்தில் குறுக்குக் குழாயில் தோள் பட்டையைச் சுற்றி, தரையில் தகடு பற்றவைத்து, அசல் ஹார்னெஸ் பொருத்தியாகிவிட்டது. பழைய பெல்ட்டும் போல்ட்டுகளும் வாஷர்களும் சான்றுப் பொருளாக எங்களிடம் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கோவைப் பக்கம் ஹார்னெஸ் பொருத்திய கார் வைத்திருப்பவர்கள், அடுத்த பயிற்சி ஓட்டத்துக்கு முன்பு சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். இதே போன்ற வாஷரும் எண் இல்லாத போல்ட்டும் இருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன்பு படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.