நட்சத்திரப் பட்டியலை வைத்து அடுத்த சீசனைக் கணிப்பது: ரிக்ரூட்டிங் தரவரிசைகளோடு பல ஆண்டுப் புழக்கம்

ஜனவரியில் இறுதிப் போட்டி முடிந்தால் ஆகஸ்ட் கடைசி வரை அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஆட்டம் கிடையாது. அந்த ஏழு மாதமும் ரசிகர்கள் வாதாட மிஞ்சுவது ரிக்ரூட்டிங் பட்டியல்கள்தான், அதாவது பள்ளி வீரர்களை எந்தக் கல்லூரி எவ்வளவு நன்றாகச் சேர்க்கிறது என்ற தரவரிசைகள். 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் மூன்று தளங்களும் பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போடுகின்றன. அதைக் கூட்டி ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் இடமும் கொடுத்துவிடுகின்றன. வருடக்கணக்கில் இவற்றைப் பார்த்து வருபவர்களுக்குத் தெரியும், வீரர்களின் திறமையைப் பட்டியல் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஆனால் இந்த டிசம்பரில் கையெழுத்திட்ட கிளாஸ் (ஓர் ஆண்டில் ஒரு கல்லூரியில் சேரும் பள்ளி வீரர் குழு) வரும் செப்டம்பரைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். அடுத்த சீசனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய கிளாஸ்களை எடுத்து, அதில் இன்னும் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் மதிப்பெண். 247ஸ்போர்ட்ஸின் காம்போசிட் பல தளங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்து 1-க்குள் ஓர் எண்ணாகத் தருகிறது. 0.98-ஐத் தாண்டிச் சற்று மேலே போனால் ஐந்து நட்சத்திரம், 0.89-ஐ ஒட்டி நான்கு நட்சத்திரம் ஆரம்பம். ஒரு வருடத்தில் ஃபைவ் ஸ்டார் ஆவது ஏறக்குறைய 32 பேர். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்று அளவுக்கு. நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவது எல்லைக்கோட்டில்தான். 0.8905 உள்ளவர் ஃபோர் ஸ்டார், 0.8880 உள்ளவர் த்ரீ ஸ்டார். இருவருக்கும் உண்மையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் வரும் ப்ளூ சிப் விகிதக் கணக்கில் முதலாமவர் ஒன்று, அடுத்தவர் பூஜ்யம். ஆகவே எப்போதும் எண்ணைப் பாருங்கள்.

கல்லூரிக்கான மொத்தப் புள்ளியில் முதல் வீரருக்கு முழு மதிப்பு, அடுத்தடுத்தவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும் மதிப்பு. கிளாஸின் வாலில் இருப்பவர்களால் புள்ளி பெரிதாக ஏறாது. இருந்தும் 27 பேரை எடுத்த கல்லூரி, அதே தரத்தில் 17 பேரை எடுத்த கல்லூரியைவிட மேலேதான் நிற்கும். இன்று போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) எடுக்க இடம் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சின்ன கிளாஸ் எடுக்கும் கோச்கள் நிறைய. அதனால் மொத்த இடத்தைவிட ஒரு வீரருக்கான சராசரியே நம்பத் தகுந்தது. 18 பேரோடு 12ஆம் இடத்தில் நிற்கும் கிளாஸ், 28 பேரோடு 8ஆம் இடத்தில் நிற்பதைவிடச் சிறந்ததாக இருப்பது சகஜம்.

ஒரே ஒரு கிளாஸை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் 2022 கிளாஸைவிடத் தெளிவான சான்று இல்லை. காம்போசிட் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி பெற்ற கிளாஸ் என்று அப்போது கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டே அணி 5-7, அதாவது 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷர் வேலையை இழந்தார். அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். மதிப்பீடு தப்பா என்றால், இல்லை. அந்த கிளாஸின் வால்டர் நோலன் 2025 டிராஃப்டில் 16ஆவதாகப் போனார், ஷெமார் ஸ்டூவர்ட் 17ஆவதாக. திறமையைத் தளங்கள் சரியாகவே கண்டுபிடித்திருந்தன. ஆனால் நோலன் டிராஃப்டுக்குப் போனது ஓல் மிஸ்ஸிலிருந்து. ரிசீவர் எவன் ஸ்டூவர்ட் ஆரிகனுக்கும், குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கானர் வைக்மன் ஹூஸ்டனுக்கும் போய்விட்டார்கள். 18 வயது டிஃபென்சிவ் லைன்மேன்கள் பலன் தரும் வயதுக்கு வந்தபோது அந்தக் கூட்டமே கலைந்திருந்தது.

இதனால்தான் நான்கு ஆண்டுக் கணக்கு. ரிக்ரூட்டிங் எழுத்தாளர் பட் எலியட் பரப்பிய ப்ளூ சிப் விகிதம் கடைசி நான்கு கிளாஸ்களில் கையெழுத்திட்டவர்களில் ஃபோர் ஸ்டார், ஃபைவ் ஸ்டார் எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. 50-ஐத் தாண்டாமல் தேசியப் பட்டம் இல்லை என்ற விதி பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2016 கிளெம்சன், 2023 மிச்சிகன் இரண்டும் கோட்டைக் கொஞ்சமாகத்தான் தாண்டியிருந்தன. 2021 ஜார்ஜியா 80-ஐத் தொட்டு நின்றது. 2022 சீசனில் டிசியு விகிதம் குறைவாக இருந்தும் இறுதிப் போட்டி வரை வந்தது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது.

இந்த விகிதத்தைப் பயன்படுத்துவோர் பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு: அது கையெழுத்தை எண்ணுகிறது, வெளியேறியவரைக் கழிப்பதில்லை. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். நான்கு கிளாஸ்களில் 24, 22, 25, 20 என்று 91 பேர். அவர்களில் ப்ளூ சிப் 12, 11, 15, 9 என்று 47 பேர். விகிதம் 51.6, தாளில் பட்டத்துக்குத் தகுதி. இப்போது அணியின் ரோஸ்டரைத் (வீரர் பட்டியலை) திறந்து ஒவ்வொரு பெயராக டிக் செய்யுங்கள். 91 பேரில் 60 பேர்தான் இருக்கிறார்கள், அவர்களில் ப்ளூ சிப் 32. போர்ட்டலில் வந்த 20 பேரில் பள்ளிக் காலத்தில் ப்ளூ சிப்பாக இருந்தவர் 4 பேர். ஆக 80-க்கு 36, அதாவது 45 சதவீதம். ஒரு மணி நேர வேலைதான். அணியைப் பற்றிய பார்வையையே மாற்றிவிடும். தயாராகக் கிடைக்கும் பட்டியலோடு நிற்காமல் இதை ஒவ்வொரு ஆண்டும் கையால் போடுவதே நல்லது.

2025 சீசன் அந்த 50 சதவீத விதியையே உடைத்தது. அடிமட்ட விகிதத்தோடு இண்டியானா 16-0 என்று முடித்து, இறுதியில் மயாமியை 27-21 என்று வென்றது. கோச் கர்ட் சிக்னெட்டி 2024-இல் வந்தபோதே தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி வந்திருந்தார். எய்டன் ஃபிஷர், டிஆஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட் எல்லாம் அப்படி வந்தவர்கள். ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலையிலிருந்து போர்ட்டலில் வந்தார். பள்ளிக் காலத்து நட்சத்திரம் இவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று நான்கு வருடம் ஆடித் தேறியவர்கள், பலர் ஒரே கோச்சின் திட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். இதற்காக விகிதத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் 'கல்லூரி மட்டத்தில் ஆடிய ஸ்னாப்' (ஸ்னாப் என்றால் பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வருவது) என்று இன்னொரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்.

போர்ட்டல் வீரரை எடைபோடும்போது பள்ளி நட்சத்திரத்தை மூடிவைத்துவிட்டு மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சென்ற சீசனில் எத்தனை ஸ்னாப் ஆடினார்? 400-க்கு மேல் என்றால் முழுநேர ஆட்டக்காரர். 60, 70 என்றால் பெஞ்சிலிருந்து கிளம்பியவர், அவரிடம் பழைய நட்சத்திரம்தான் மிச்சம். அடுத்து, யாருக்கு எதிராக? சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) வரும் ஆஃபென்சிவ் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனின் ஓரத்தில் நிற்பவர்) என்றால், செப்டம்பரில் அவருடைய பழைய கல்லூரி பணத்துக்காகப் பெரிய அணியிடம் போய் ஆடிய ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். மற்ற பத்து ஆட்டங்களின் எண்கள் அந்த ஒரு ஆட்டம் அளவுக்குப் பேசாது. மூன்றாவது, கல்லூரியில் ஆட இன்னும் எத்தனை ஆண்டு தகுதி பாக்கி? ஒரே ஆண்டு என்றால் அடுத்த ஜனவரியில் அதே ஓட்டை திரும்பவும் வரும்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பது ஃப்ளோரிடா ஸ்டேட்டில் தெரிந்தது. போர்ட்டல் வீரர்களால் பலம் பெற்று 2023-இல் 13-1. அந்த அணியிலிருந்து 10 பேர் டிராஃப்டில் போனார்கள். மறுபடி போர்ட்டலையே நம்பி நிரப்பிய 2024 அணி 2-10. ஓட்டையை அடைக்க வேண்டிய வளர்ந்த வீரர்கள் உள்ளே போதிய அளவு இல்லை. அதே 2024-இல் ஒஹாயோ ஸ்டேட் எதிர்த்திசையில் போனது. நான்கு ஆண்டு உயர்தர கிளாஸ்களை அடித்தளமாக வைத்து, டிராஃப்டுக்குப் போயிருக்கக்கூடிய சீனியர்களைத் தக்கவைத்தது. அதன் மேல் வில் ஹவர்ட், கேலப் டௌன்ஸ், குவின்ஷான் ஜட்கின்ஸ் என்று குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் போர்ட்டல். அக்டோபரில் ஆரிகன் ஆட்டத்தில் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போனது. பின்னர் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. 2021 கிளாஸின் கார்டு (சென்டருக்கும் டேக்கிளுக்கும் இடையில் நிற்பவர்) டானவன் ஜாக்சன் டேக்கிளுக்கு நகர்ந்தார், 2022 கிளாஸின் கார்சன் ஹின்ஸ்மன் நடுவுக்கு வந்தார். அணி பட்டம் வென்றது. சீசன் முன்னோட்டம் எழுதும்போது முதல் ஐந்து லைன்மேன்களின் பெயரோடு நிறுத்துபவர்கள் இந்த ஆறாவது, ஏழாவது ஆளைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆடும் இடத்துக்கு ஏற்றபடி கிளாஸைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். ரிசீவர், ரன்னிங் பேக், கார்னர் முதல் ஆண்டிலேயே ஆடலாம். ஜெரமையா ஸ்மித் 2024-இல் ஃப்ரெஷ்மனாகவே 1,315 கஜம் பிடித்தார். ஆஃபென்சிவ் லைன் அப்படி இல்லை. 270 பவுண்டில் வரும் பையன் 310-க்கு ஏறி, காலடி கற்று, பெரிய கான்ஃபரன்ஸ் எதிரியின் தோளைத் தாங்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். 2026 சீசனின் லைனைத் தெரிந்துகொள்ள 2023, 2024 கிளாஸ்களைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பேர் எடுத்தார்களா, அவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு கிளாஸும் சேர்ந்து மூன்று பேர்தான் மிச்சம் என்றால், குவார்ட்டர்பேக் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அக்டோபரில் கஷ்டம் வரும்.

கமிட் செய்தியை எவ்வளவு நம்பலாம்? வாய்மொழி கமிட், அதாவது ஒரு கல்லூரியில் சேர்கிறேன் என்ற வாக்கு, யாரையும் கட்டுப்படுத்தாது. வீரரைக் கல்லூரியோடு பிணைத்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற படிவம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இப்போது கட்டுப்படுத்துவது நிதியுதவி ஒப்பந்தமும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தமும்தான். முன்கூட்டிய கையெழுத்து டிசம்பர் முதல் வாரத்தில். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில்தான் பெரிய ஃபிளிப்கள் (கமிட் ஆனவர் வேறு கல்லூரிக்கு மாறுவது) நடக்கின்றன. எல்எஸ்யு கமிட்டாக இருந்த பிரைஸ் அண்டர்வுட் 2024 நவம்பரில் மிச்சிகனுக்கு மாறினார். 2021 டிசம்பரில் ட்ராவிஸ் ஹண்டர் ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட் போனார். ஜூனில் கமிட் ஆனவர் இலையுதிர்காலத்தில் வேறு கல்லூரி ஆட்டத்துக்கு விசிட் போகிறார் என்றால் அவரை அரை கமிட்டாகவே கணக்கில் எழுதுங்கள். ஆஃபர் பட்டியலும் இப்படித்தான். முப்பது ஆஃபர் இருக்கலாம், ஆனால் கல்லூரி தன் செலவில் ஜூனில் அஃபிஷியல் விசிட்டுக்கு அழைத்ததா என்பதே அந்த ஆஃபர் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். யார் எங்கே போவார் என்ற நிருபர் கணிப்புகளில் கடைசி பத்து நாளில் வருபவைக்கு மட்டும் எடை கொடுங்கள்.

பணமும் ரோஸ்டரும் 2025-இல் மாறின. வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குத் தீர்வின்படி 2025-26இல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கிட அனுமதி கிடைத்தது. 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், ரோஸ்டருக்கு 105 பேர் என்ற வரம்பு வந்தது. வசந்தகாலப் போர்ட்டல் ஜன்னலும் (போர்ட்டலில் பெயர் கொடுக்க அனுமதிக்கும் காலம்) எடுக்கப்பட்டு, 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஜன்னல். ரசிகர்களுக்கு இதில் பெரிய நன்மை, ஜனவரி கடைசியில் போடும் ரோஸ்டர் கணக்கு ஏறக்குறைய அப்படியே ஆகஸ்ட் வரை நிற்கும். 2025 ஏப்ரலில் நிக்கோ இயமலியாவா டென்னசியை விட்டு வெளியேறியதுபோல் வசந்தத்தில் முதல் குவார்ட்டர்பேக்கையே இழந்து கணக்கு தலைகீழாவது இனி அபூர்வம்.

வசந்தகாலப் பயிற்சி 15 அமர்வுகள். 'அவன் வேற லெவல்' என்று வரும் செய்தியை விட்டுவிடுங்கள். முதல் அணியோடு யார் நிற்கிறார், யார் இடம் மாற்றப்பட்டார், யார் காயத்தால் ஒதுங்கினார் என்ற மூன்றும்தான் பயன்படும். கார்டை டேக்கிளில் நிறுத்திப் பார்த்தால், அந்த இடத்துக்கு வைத்திருந்த ஆள் மேல் கோச்சுக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள். ஆகஸ்ட் டெப்த் சார்ட்டில் (ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் மாற்று என்ற வரிசை) இரண்டு பெயர் நடுவில் 'அல்லது' வந்தால் பெரும்பாலும் இருவருமே இன்னும் தயார் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அட்டவணை. 2026 முதல் எஸ்இசி (தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ்) அணிகள் எட்டுக்குப் பதில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடும். ஒவ்வோர் அணிக்கும் மூன்று நிரந்தர எதிரிகள், மற்ற ஆறும் சுழற்சி. சிலருக்கு உள்ளூரில் ஐந்து, சிலருக்கு நான்கு. ஒரே ரோஸ்டர் சென்ற ஆண்டு 9-3 என்றால் இந்த அட்டவணையில் 8-4 ஆகலாம், அதில் சரிவு எதுவும் இல்லை. சென்ற ஆண்டு எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களையும் தனியாக எண்ணி எழுதுங்கள். அவற்றில் 5-1 என்று இருந்த அணி இந்த ஆண்டு சரிய, 2-4 என்று இருந்த அணியைவிட வாய்ப்பு அதிகம். இஎஸ்பிஎன் எழுத்தாளர் பில் கானலியின் எஸ்பி பிளஸ் என்ற தரவரிசை திரும்பி வரும் வீரர்களின் உற்பத்தி, அண்மைய ரிக்ரூட்டிங், முந்தைய ஆண்டுகளின் தரம் மூன்றையும் கலந்து சீசனுக்கு முன்பே ஓர் எண் தருகிறது. கையால் போட்ட கணக்கு அதிலிருந்து வெகுதூரம் விலகினால், முதலில் ஆஃபென்சிவ் லைன் வரிசையைத் திரும்ப எண்ணுங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.