ஊட்டியில் வாங்கிய "பாதாம் மில்க் சாக்லேட்": வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

போன மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். திரும்பும் நாளில் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடையில் நின்றோம். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாகச் சாக்லேட். "பாதாம் மில்க்" என்று கையால் எழுதிய அட்டை வைத்த தட்டைக் காட்டி, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் தயங்கவே இல்லை. "சர்க்கரை ரொம்பக் கம்மிதானுங்க. பாதிக்குப் பாதி பாதாம், மீதி பால். சுகர் இருக்கறவங்களே வாங்கிட்டுப் போறாங்க." ஒரு கிலோ 900 ரூபாய். வாங்கிவிட்டேன்.

அப்பா எட்டு வருடமாகச் சர்க்கரை போடாத காப்பி குடிக்கிறவர். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைக்கூட ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வார். "பாதாம்தானே கண்ணு, டாக்டரே தினம் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்று சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று துண்டு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 262. வழக்கமாக 180-ஐத் தாண்டாது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. புதிதாக வீட்டுக்குள் வந்தது அந்தச் சாக்லேட் மட்டும்தான்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. திருப்பூர் மே மாத வெயிலில், டைனிங் டேபிளில் திறந்து கிடந்த சாக்லேட் கையில் ஒட்டக்கூட இல்லை. நிஜச் சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய், அது 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். இது கரையாமல் அண்ணத்தில் மெழுகு மாதிரிப் படிந்தது.

சரி, பார்த்துவிடலாம் என்று 100 கிராம் நிறுத்து வெந்நீரில் போட்டுக் கரைத்தேன். டீ வடிகட்டியில் வடித்து, நின்ற பருப்பைக் கழுவித் துணியில் ஒற்றிக் காயவைத்து, சமையலறைத் தராசில் வைத்தேன். 7 கிராம். பாதிக்குப் பாதி என்றார், இருந்தது நூற்றுக்கு ஏழு. அம்மா வந்து விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "இது கடலைக்காய் கண்ணு. பாதாம் எங்க இருக்கு?" என்றார். பழுப்புத் தோல் ஒட்டிய இரண்டு மூன்று சீவல் மட்டும் பாதாம். மற்றதெல்லாம் வறுத்து உடைத்த நிலக்கடலை.

நிலக்கடலை மட்டமான பொருள் இல்லை. 100 கிராமில் புரதம் 25 கிராமுக்கு மேல், பாதாமில் 21 கிராம் அளவுதான். ஆனால் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். பாதாம் என்று நம்பி அப்படி ஒரு குழந்தைக்கு யாராவது கொடுத்திருந்தால்? அதை நினைத்துத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் தோழி ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் "அது காம்பவுண்டா இருக்கும்" என்றார். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்டுச் செய்த, சாக்லேட் மாதிரியான பொருளுக்குத்தான் அந்தப் பெயர். கடையில் ஸ்லாபாக விற்கும் காம்பவுண்டை வாங்கி உருக்கி, பருப்பைத் தூவி, அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. அப்படி ஒரு ஸ்லாபின் உறையைக் காட்டினார். சேர்பொருட்களில் முதலில் சர்க்கரை, அடுத்தது ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, அதற்கப்புறம்தான் கோகோவும் பால் பவுடரும். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சாக்லேட் என்று விற்றால் கோகோ வெண்ணெய் தவிர்த்த வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் நம் நாட்டு விதிதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒழுங்காகக் கோகோ வெண்ணெய் போட்டு, நிஜப் பாதாம் போட்டுச் செய்த மில்க் சாக்லேட்டாக இருந்தாலும் அப்பாவுக்கு அது ஆகாது. 100 கிராமில் 520 கலோரிக்கு மேல், கொழுப்பு 30 கிராமுக்கு மேல், சர்க்கரை மட்டும் 45 கிராம் அளவுக்கு. புரதம் 8, 9 கிராம்தான். பருப்பு கூடக் கூடச் சர்க்கரையின் பங்கு கொஞ்சம் இறங்கும், கலோரி இறங்காது. பாதாமிலேயே 100 கிராமுக்கு 580 கலோரி வாக்கில் இருக்கிறது. அப்பா சாப்பிட்ட மூன்று துண்டு சேர்ந்து 36 கிராம். குறைத்துப் போட்டாலும் 16 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு டீஸ்பூன். காப்பியில் ஒரு ஸ்பூன்கூடப் போடாத மனிதருக்குத் தினமும் நான்கு ஸ்பூனை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடைக்குப் போன் செய்தேன். "கடலையும் நட்ஸ்தானே சார்? பில்லுல பாதாம்னு போட்டிருக்கா பாருங்க" என்றார். பார்த்தேன். "சாக் 1 கிலோ - 900" என்று மட்டும் இருந்தது. சர்க்கரை கம்மி என்று சொன்னீர்களே என்றதற்கு, "அப்படி யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஊட்டியில் எல்லாக் கடையும் இப்படி இல்லை. அட்டையில் எல்லாவற்றையும் அச்சடித்து ஒழுங்காக விற்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அதனால் தட்டிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். அடைத்த பெட்டியாகக் கேளுங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். பாதாம் சாக்லேட் என்று பெயரில் போட்டால், பாதாம் எத்தனை சதவீதம் என்று சேர்பொருள் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். ஊட்டச்சத்துக் கட்டத்தில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் படியுங்கள். 100 கிராமுக்குள்ள எண்ணைப் பாருங்கள், ஒரு துண்டுக்குப் போட்டிருக்கும் சின்ன எண் ஏமாற்றிவிடும். நிலக்கடலை சேர்ந்திருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையில் அது தனியாக இருக்க வேண்டும். தட்டில் இருப்பதை வாங்கியே ஆக வேண்டுமென்றால், பில்லில் "பாதாம்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியில் பில், தராசுப் படம், வடித்த பருப்பின் படம் எல்லாவற்றையும் ஏற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தாயிற்று. மீதி 400 கிராம் அதே பெட்டியில், பில்லோடு, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது. அதிகாரிகள் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் யாரையும் தொட விடவில்லை. அதே பக்கம் கையெழுத்து அட்டை வைத்த தட்டிலிருந்து வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்பவர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு துண்டை வெந்நீரில் போட்டு வடித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.