பெரிய மரம் வாங்கி நடுகிறவர்கள் முதலில் கவரைக் கிழித்து வேரைப் பாருங்கள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. மேற்குப் பார்த்த வாசல். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் திண்ணையில் கை வைக்க முடியாது. அப்பாவுக்கு 76 வயது, பகல் முழுக்க அங்கேதான் உட்காருவார். அவருக்கு நிழல் வேண்டும் என்றுதான் போன மாசியில் 6 மரம் வாங்கினேன். 12 அடி உயரம், நட்டுத் தருவதோடு சேர்த்து ஒன்று 4,000 ரூபாய். மொத்தம் 24,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்கவில்லை.

"ஏனுங்ணா, துபாய் பாலைவனத்துலயே பெரிய பெரிய மரமெல்லாம் நிக்குது, நம்ம செம்மண்ல வராதுங்களா? பட்டுப்போனா நானே மாத்தித் தர்றனுங்க" என்றார் விற்றவர்.

நாட்டு வாகை என்று சொல்லிக் கொடுத்தது தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, ஈரம் இருக்கிற ஊரில்தான் நன்றாகக் குடை மாதிரி விரியும். நம்முடையதோ மலை மறைவில் மழை குறைந்த பூமி. துபாயில் வேலை செய்யும் மச்சானிடம் அப்புறம்தான் விசாரித்தேன். அங்கே ரோட்டோர மரங்களுக்குத் தூரிலேயே குழாய் போட்டு, சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுகிறார்களாம். அந்தப் பாலைவனத்தில் தானாக வளர்கிற மரத்துக்குக் காஃப் என்று பெயர். அது வேறு எதுவுமில்லை, நம் கொடுமுடி கோயிலில் நிற்கிற வன்னிதான்.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தது. ஒரே ராத்திரியில் 3 மரம் சாய்ந்துவிட்டன. தூக்கி நிறுத்தலாம் என்று மண்ணைத் தள்ளினால், உள்ளே மரம் வளர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் கவர்! கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். அரிவாளால் கீறிப் பார்த்தேன். விரல் தடிமனில் வேர்கள் கவரின் உள்பக்கத்தையே நாலைந்து சுற்று சுற்றிக் கிடந்தன. ஆணிவேர் அடியில் முட்டி, மடங்கி, மேல் நோக்கித் திரும்பியிருந்தது. ஒரு வேர்கூட வெளி மண்ணைத் தொடவில்லை. குழியும் இரண்டடிதான், அதற்குக் கீழே சுக்கான் பாறை. மீதி மூன்றையும் தோண்டினேன். அதே கதைதான்.

போன் செய்தால், "நீங்க தண்ணி சரியா உட்டிருக்க மாட்டீங்க" என்றார். தினமும் விடிந்ததும் மரத்துக்கு 2 குடம் ஊற்றியது அப்பா, அந்த முழங்கால் வலியோடு. அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து ஒரு கவரையாவது கண்ணெதிரே கிழிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நடும்போது கடைசி மண் தள்ளும் வரை குழிப் பக்கத்திலேயே நில்லுங்கள், நான் அன்றைக்கு டவுனுக்குப் போய்விட்டேன். முந்தின நாள் சாயங்காலம் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காலையிலும் நின்றால் கீழே பாறையோ இறுகிய மண்ணோ இருக்கும், கடப்பாரை போட்டு உடைக்க வேண்டும், இல்லை இடத்தை மாற்ற வேண்டும். மாற்றித் தருவதாகச் சொன்னால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

ஐப்பசி மழையில் வனத்துறை நாற்றங்காலிலிருந்து முழங்கால் உயர வேம்பு மூன்றும் வன்னி ஒன்றும் கொண்டுவந்து நட்டோம். வெள்ளாடு கடிக்காமல் இருக்க அப்பா சுற்றிலும் முள் கட்டியிருக்கிறார். அந்தக் கறுப்புக் கவர்களைத் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய மரம் வாங்கலாமா என்று யோசிக்கிற அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.