நூலக ஆன்லைன் கேட்டலாக்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

புத்தகம் எடுக்கப் போவதற்கு முன் ஆன்லைன் கேட்டலாக்கைத் திறப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருமையான வசதி, ஆனால் கூகுளில் கேட்பது மாதிரி இதனிடம் கேட்டால் பாதிப் புத்தகங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கேட்டலாக் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதில்லை. நூலகர் அந்தப் புத்தகத்துக்கு எழுதிய பதிவைத்தான் பார்க்கிறது: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் தலைப்பு (புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் தரும் பெயர்), பகுப்பெண் (துறைவாரியாக அலமாரியில் அடுக்கத் தரும் எண்). பொருளடக்கத்தையும் யாராவது சேர்த்திருந்தால் அதிர்ஷ்டம். தொகுப்பில் உள்ள ஒரு கட்டுரையின் பெயரைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்பதற்காக நூலகத்தில் அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. தொகுப்பின் பெயரால் தேடினால் கிடைக்கலாம்.

எனக்கு அதிகம் பலன் தந்தது பொருள் தலைப்புதான். தேனீ வளர்ப்பு பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் வேண்டும் என்று வையுங்கள். 'பீகீப்பிங்' என்று கீவேர்டில் போட்டால், பெரும்பாலும் தலைப்பிலேயே அந்தச் சொல் உள்ளவைதான் வரும். அதில் உருப்படியான ஒரு பதிவைத் திறந்து கீழே பாருங்கள். பொருள் என்ற இடத்தில் 'பீ கல்ச்சர்' என்று இருக்கும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் இந்தத் துறைக்கு வைத்த பெயர் அது. உலகம் முழுக்கப் பல நூலகங்கள் அதையே பின்பற்றுகின்றன. அதைச் சொடுக்கினால், தலைப்பில் தேன் என்றோ கூடு என்றோ மட்டும் இருக்கிற புத்தகங்களும் சேர்ந்து வரும். மாரடைப்புக்கும் இதே கதைதான்: 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று போட்டிருப்பார்கள். இந்தப் பெயர்களும் மாறும். சமையலுக்கு இருந்த 'குக்கரி' 2010இல் 'குக்கிங்' ஆனது. பழைய பதிவுகளைத் திருத்தாத நூலகத்தில் இரண்டையும், நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஆர்' போட்டுச் சேர்த்துத் தேடுவது நல்லது.

அடுத்தது பகுப்பெண். பல நூலகங்கள் பயன்படுத்தும் டியூயி பகுப்பு முறையில் தேனீ வளர்ப்பு 638.1. அந்த எண்ணை வைத்துத் தேடினாலோ, அலமாரி வரிசையைக் காட்டும் வசதி இருந்தால் அதைத் திறந்தாலோ, பக்கத்துப் புத்தகங்கள் எல்லாம் தெரியும். தேடாமலே கிடைத்த பல நல்ல புத்தகங்கள் எனக்கு இப்படி வந்தவை. ஆனால் ஒரு நூலகத்தின் எண் இன்னொன்றில் செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் அடுக்கும் இடத்தில் எண்ணே வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்ப் புத்தகம் தேடுவது தனிக் கலை. முதலில் தமிழ் எழுத்திலேயே தட்டிப் பார்க்கிறேன். வரவில்லை என்றால் பதிவு ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கலாம். வெளிநாட்டு நூலகங்கள் பலவும் பின்பற்றும் முறையில் 'ச' எப்போதும் சி என்ற எழுத்து, 'க' எப்போதும் கே. ஆகவே 'சங்கம்' என்பதற்கு எஸ், ஜி எல்லாம் போட்டால் எதிர்பார்த்தது வராது; சி, ஏ, என், கே, ஏ, எம் என்று தட்ட வேண்டும். 'ழ'வுக்கு எல் போதும். மேலே கீழே வரும் புள்ளி, கோடுகளை என் அனுபவத்தில் பெரும்பாலான தேடுபெட்டிகள் பொருட்படுத்துவதில்லை.

அப்புறம் வேற்றுமை உருபுகளும் பன்மையும். 'சிறுகதை' என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டால் சிறுகதைகள், சிறுகதையின் எல்லாம் வரும். எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்துவராது. 'மர' என்பதோடு நட்சத்திரம் போட்டால் மரங்களோடு மரபும் மரணமும் வந்து நிற்கும். அங்கே மரம், மரங்கள் என்று தனித்தனியாகத் தேடுவதே மேல். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்துகளை விட்டுவிடுங்கள். புள்ளியும் இடைவெளியும் ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். புனைபெயரையும் இயற்பெயரையும் ஒன்றாக இணைக்காத நூலகங்களும் உண்டு. இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி எண், குறிப்பிட்ட பதிப்பைத் தேட மட்டும்தான் உதவும். 2007க்கு முந்தைய புத்தகங்களில் அந்த எண் இருந்தால் பெரும்பாலும் பத்து இலக்கமே இருக்கும்; இப்போது பதின்மூன்று. முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசி இலக்கமும் மாறும். அதனால் இருப்பதை அப்படியே தட்டுவதுதான் சரி.

குறை என்று சொன்னால், 'இருப்பில் உள்ளது' என்ற வரியை நான் முழுதாக நம்புவதில்லை. யாராவது மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம், தவறான அலமாரியில் செருகியிருக்கலாம். ஒரு புத்தகத்துக்காகவே தூரம் போவதாக இருந்தால் முன்பதிவு செய்கிறேன், இல்லையென்றால் போன் செய்கிறேன். நூலகங்களுக்கான கோஹா என்ற மென்பொருளில் ஓடும் கேட்டலாக் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 'கார்ட்'டில் போட்டவை தற்காலிகம்தான். உள்நுழைந்து பட்டியலாகச் சேமித்தால்தான் அடுத்த முறையும் இருக்கும். நானும் அப்படித்தான் துறைவாரியாகப் பட்டியல் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொருள் தலைப்பையும் பகுப்பெண்ணையும் குறித்து வைக்கிறேன். தேடிய புத்தகம் அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தால், பல நாட்டு நூலகங்களின் பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் வேர்ல்ட்கேட் தளத்தில் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நூலகர்களிடம் அந்தப் பதிவையே காட்டிக் கேட்பேன்.